பின்பக்க புஷ் மாற்றிய பிறகும் தொல்லையா? அறிகுறியைப் பார்த்துப் பிழை நீக்கும் வழி

உச்சிப்புளியில் ராமேஸ்வரம் சாலையோரம் பட்டறை வைத்திருக்கிறேன். "புஷ் மாத்துனதுக்கப்புறந்தாண்ணே சத்தமே வருது" என்று வந்து நிற்கும் வண்டிகளுக்குக் குறைவில்லை. புஷ் என்பது ஆக்சலையும் பாடியையும் இணைக்கும் பாகங்களின் முனையில் இருக்கும் ரப்பர் உருளை. அவற்றில் புஷ்ஷே கெட்டிருப்பது அபூர்வம். மாட்டிய விதம் தப்பாக இருக்கும், முடுக்கிய நேரம் தப்பாக இருக்கும், இல்லையென்றால் பக்கத்தில் பழசாகவே விட்டுவைத்த இன்னொரு பாகம் சத்தம் போடும். அதனால் மறுபடியும் புஷ் வாங்கக் கடைக்கு ஓடாதீர்கள்.

நான் இங்கே சொல்வது காயில் ஸ்பிரிங் வைத்த பழைய மாருதி 800, முதலில் வந்த ஆல்டோ, பழைய வேகன்ஆர், ஜென் போன்ற வண்டிகளுக்கு. பின்னால் இரு சக்கரத்தையும் சேர்க்கும் ஒரே நேர் ஆக்சல். பக்கத்துக்கு ஒரு டிரெயிலிங் ஆர்ம் (ஆக்சலை முன்னும் பின்னும் நகராமல் பிடிக்கும் கை), குறுக்கே ஒரு லேட்டரல் ராடு (பக்கவாட்டில் நகராமல் பிடிக்கும் கம்பி). ஆர்முக்கு இரண்டு வீதம் நான்கு புஷ், ராடுக்கு இரண்டு, ஆக ஆறு. குதிப்பை அடக்கும் ஷாக் அப்சார்பரின் அடிக்கண்ணில் (கீழ்முனை வளையத்தில்) இருப்பது தனிக் கணக்கு. ஆம்னிக்குப் பின்னால் பட்டை ஸ்பிரிங். அதற்கு இது பொருந்தாது.

கைவைக்கும் முன்

நம் பக்கத்து வாசல்கள் பெரும்பாலும் மணல். மணலில் ஜாக்கி மெல்ல மெல்ல இறங்கும், இறங்குவது தெரியாது. சிமெண்ட் தரை இல்லையென்றால் ஜாக்கிக்கு அடியில் அகலமான பலகை போடுங்கள். தூக்கிய பிறகு ஸ்டாண்டு வைக்காமல் அடியில் தலையை நுழைக்காதீர்கள். ஹாலோ பிளாக் கல்லை ஸ்டாண்டாக வைப்பதைப் பல ஊரில் பார்த்திருக்கிறேன். அது சொல்லாமல் கொள்ளாமல் நொறுங்கும். முன்சக்கரம் இரண்டுக்கும் கட்டை கொடுங்கள். பின்பக்கம் தூக்கினால் ஹேண்ட்பிரேக் போட்டும் பிரயோஜனமில்லை.

புஷ் மாற்றியவரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "கடைசி முடுக்கு முடுக்கும்போது சக்கரம் தரையில் இருந்ததா, தொங்கிக்கொண்டிருந்ததா?" பாதித் தொல்லைக்கு விடை அதிலேயே கிடைத்துவிடும்.

அறிகுறி: பின்பக்கம் தூக்கி நிற்கிறது, கட்டை வண்டி மாதிரி குதிக்கிறது

இதைத்தான் முதலில் எழுத வேண்டும். நானே செய்த தப்பு இது. பட்டறை தொடங்கிய புதிதில், வண்டியைத் தூக்கி வைத்து, ஆக்சல் தொங்க, ஆறு போல்ட்டையும் அங்கேயே மூச்சைப் பிடித்து முடுக்கி அனுப்பினேன். கீழக்கரையிலிருந்து வந்த ஆல்டோ. இரண்டே மாதத்தில் திரும்பி வந்தது. "தம்பி, பழைய புஷ்ஷோட சொகுசாப் போச்சு. புதுசு போட்டு இடுப்பு போச்சு" என்றார் வண்டிக்காரர். "இறக்கிப் பார்க்கிறேன் காக்கா" என்று இறக்கிப் பார்த்தால் நாலு ஆர்ம் புஷ்ஷிலும் ரப்பர் வெடித்திருந்தது. நல்ல கம்பெனி புஷ்தான். கெடுத்தது நான்.

இந்த புஷ்ஷில் ரப்பர், நடுவே இருக்கும் இரும்புக் குழாயோடு ஒட்டியிருக்கும். போல்ட்டை முடுக்கியதும் அந்தக் குழாய் அசையாது. ஆர்ம் மேலும் கீழும் போகும்போது ரப்பர்தான் முறுக்கிக் கொடுக்கிறது. சக்கரம் தொங்கும்போது முடுக்கினால், வண்டியைத் தரையில் இறக்கிய அந்த நொடியே ரப்பர் பாதி முறுக்கில் நிற்கும். அதுவே ஒரு ஸ்பிரிங் மாதிரி பின்பக்கத்தைத் தூக்கிப் பிடிக்கும், பள்ளத்தில் இறங்கினால் கிழியும்.

சோதனை செலவில்லாதது. வண்டியைச் சமதரையில் நிறுத்தி, பின்சக்கரத்தின் மையத்திலிருந்து மட்கார்டு விளிம்பு வரை டேப்பில் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். ஆறு போல்ட்டையும் கழற்ற வேண்டாம், அரைச் சுற்று இளக்கினால் போதும். டிக்கியைப் பிடித்து நாலைந்து தடவை அழுத்தி விட்டு மறுபடி அளங்கள். உயரம் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி இறங்கினால் கோளாறு இதுவேதான்.

சரி செய்வதும் அதே மூச்சில் முடியும். சக்கரம் தரையில் நிற்க, வண்டி தன் எடையில் உட்கார்ந்திருக்க, போல்ட்டுகளை முடுக்க வேண்டும். குழி உள்ள பட்டறை என்றால் சுலபம். வீட்டில் செய்பவர்கள் நான்கு சக்கரத்துக்கும் அடியில் ஒரே உயரத்துக்குக் கெட்டியான மரப்பலகைகளை அடுக்கி ஏற்றிக்கொள்ளலாம். அதுவும் முடியாவிட்டால், பாடியை ஸ்டாண்டில் வைத்து, ஆக்சலுக்கு அடியில் ஜாக்கி கொடுத்து, பாடி ஸ்டாண்டை விட்டு லேசாக எழும்பப் போகிற அளவுக்குத் தூக்கி முடுக்குங்கள். டார்க் ரெஞ்ச் (முடுக்கும் விசையை அளந்து காட்டும் ஸ்பானர்) இருந்தால் வண்டிக் கையேட்டில் உள்ள அளவுக்கு வையுங்கள். நீளக் குழாயைச் செருகி ஏறி மிதிப்பது டார்க் இல்லை.

முடுக்கு சரியாக இருந்தும் முரட்டுத்தனம் போகவில்லையா? டயரில் காற்றைப் பாருங்கள். அப்புறம் ஷாக்கை. எண்ணெய் கசிந்து வற்றிய ஷாக் வண்டியைக் குதிக்க விடும். இறுகிப்போன ஷாக் தூக்கிப் போடும். ஷாக்கை ஜோடியாகத்தான் மாற்ற வேண்டும்.

அறிகுறி: டக் டக்

எப்போது வருகிறது என்பதைப் பொறுத்து வழி பிரிகிறது. எங்கள் பக்கத்தில் இதற்கு இயற்கையான சோதனைச் சாலை உண்டு: 1988இல் திறந்த பாம்பன் சாலைப் பாலம். ஒவ்வொரு இணைப்பைத் தாண்டும்போதும் எந்த வண்டியும் இரண்டு தடவை "தடக்" என்னும், முன்சக்கரத்துக்கு ஒன்று, பின்சக்கரத்துக்கு ஒன்று. பின்னதற்கு வால் மாதிரி ஒரு "டிக்" ஒட்டிக்கொண்டு வந்தால் பின்னால் ஏதோ ஆடுகிறது என்று அர்த்தம். பாலம் 2.3 கிலோமீட்டர் நீளம். பாட்டை நிறுத்திவிட்டு, கண்ணாடியை ஏற்றிவிட்டு, பின் ஸீட்டில் ஒருவரை உட்கார வைத்தால் இடமா வலமா என்று சொல்ல நேரம் போதும்.

சின்னப் பள்ளத்தில் மட்டும் வந்தால்: முதலில் டிக்கியைக் காலி செய்யுங்கள். சிரிக்காதீர்கள். தங்கச்சிமடத்து வண்டி ஒன்றுக்கு இரண்டு பட்டறையில் புஷ், ஷாக் எல்லாம் மாற்றிவிட்டு என்னிடம் வந்தார்கள். ஸ்டெப்னிக்கு அடியில் வலைக்குக் கட்டும் ஈயக்குண்டு ஒரு பை கிடந்தது. ஜாக்கி, ஸ்டெப்னி போல்ட், நம்பர் பிளேட், பின் ஸீட் கொக்கி எல்லாவற்றையும் ஆட்டிப் பார்த்த பிறகு அடியில் போங்கள்.

அடியில் முதலில் சைலன்சர் தொங்கும் ரப்பர்கள். புஷ் வேலைக்காகக் கழற்றிவிட்டு ஒன்றை மாட்ட மறந்திருப்பார்கள், அல்லது குழாய் ஆக்சலுக்கு மிக நெருக்கமாக வந்திருக்கும். கையால் குழாயை ஆட்டினால் தட்டும் இடம் தெரியும். அடுத்து ஷாக்கின் அடிக்கண், மேலே டிக்கிக்குள் இருக்கும் அதன் ரப்பரும் நட்டும். ஆர்ம் புஷ் புதிதாகி இறுக்கமானதும், இத்தனை நாள் மொத்தச் சத்தத்தில் அமுங்கிக் கிடந்த ஷாக் புஷ் தனியாகக் கேட்க ஆரம்பிக்கும். "மாற்றிய பிறகுதான் சத்தம்" என்பதில் பாதி இந்த வகை.

பிரேக் போடும்போதோ ரிவர்ஸ் எடுத்துக் கிளம்பும்போதோ ஒற்றை டக் வந்தால்: டிரெயிலிங் ஆர்ம் போல்ட். ஆக்சல் முன்னும் பின்னும் நகர்கிறது. போல்ட் தலையிலும் ஆர்மைப் பிடித்திருக்கும் பிராக்கெட்டிலும் சேர்த்துப் பெயிண்டால் ஒரு கோடு இழுத்துவிட்டு, ஐம்பது கிலோமீட்டர் ஓட்டிவிட்டுப் பாருங்கள். கோடு விலகியிருந்தால் போல்ட் இளகுகிறது. பூட்டு நட்டு பழசாக இருந்தால் புதிது போடுங்கள்.

கோடு விலகவில்லை, போல்ட்டும் இறுக்கம், ஆனால் சத்தம் போகவில்லை. இங்கேதான் பலர் திணறுகிறார்கள். மலிவு புஷ்ஷில் நடுக்குழாய் கொஞ்சம் குட்டையாக இருக்கும். பிராக்கெட்டின் இரண்டு காதும் அந்தக் குழாயைப் பிடிக்காமல் தாங்களே வளைந்து போல்ட்டைத் தாங்கும். ஸ்பானருக்கு இறுக்கமாகவே தெரியும், உள்ளே குழாய் ஆடும். பழைய புஷ்ஷை எறியாமல் வைத்திருந்தால் இரண்டின் குழாய் நீளத்தையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அரை மில்லிமீட்டர் குறைந்தாலும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். இடையில் வாஷர் வைத்துச் சமாளிப்பதை நான் செய்வதில்லை.

வளைவில் மட்டும் வந்தால்: லேட்டரல் ராடு. ஒருவர் வண்டியைப் பக்கவாட்டில் தள்ளித் தள்ளி விட, இன்னொருவர் ராடின் இரு முனையிலும் விரல் வைத்துப் பார்க்க வேண்டும். பாடிப் பக்க முனையில்தான் அநேகமாக அசைவு இருக்கும். ராடும் நன்றாக இருந்தால் ஸ்பிரிங்கின் முனை அதன் படியில் உட்கார்ந்திருக்கிறதா என்று பாருங்கள். ஷாக்கைக் கழற்றியபோது ஆக்சல் கீழே இறங்கி ஸ்பிரிங் திரும்பியிருக்கலாம்.

இவ்வளவும் பார்த்தும் டக் போகவில்லையென்றால் ஆர்மைக் கழற்றி, புஷ்ஷின் வெளிக்கூட்டைக் கையால் தள்ளிப் பாருங்கள். பிரஸ் (அழுத்தி இறக்கும் எந்திரம்) இல்லாமல் உளியால் அடித்து எடுத்த ஆர்மில் புஷ் உட்காரும் கண் நீள்வட்டமாகியிருக்கும். புதிய புஷ் கையாலேயே உள்ளே போகும். அதைப் பற்றவைத்து ஒட்டாதீர்கள். ஆர்மே புதிது வாங்க வேண்டியதுதான்.

அறிகுறி: கிறீச்சென்ற சத்தம், முனகல்

தண்ணீர் தெளித்துக் கண்டுபிடிக்கலாம். ஒரு பாட்டிலில் தண்ணீர் எடுத்து ஒவ்வொரு புஷ்ஷாக நனைத்து, நனைத்த பிறகு டிக்கியை அழுத்துங்கள். எதை நனைத்ததும் சத்தம் நிற்கிறதோ அதுதான் ஆள்.

ரப்பர் புஷ் கிறீச்சிட்டால், முடுக்கு போதாமல் நடுக்குழாய் பிராக்கெட்டோடு உரசுகிறது. மேலே சொன்னபடி தரையில் வைத்து முடுக்கினால் நின்றுவிடும். பாலியூரித்தேன் புஷ் கிறீச்சிட்டால் காரணம் வேறு. அது ஒட்டிய வகை இல்லை, குழாயைச் சுற்றித் திரும்பும் வகை. கழற்றி, சிலிக்கான் கிரீஸ் தடவி மாட்ட வேண்டும். இந்த வகையைத் தொங்கவிட்டு முடுக்கினாலும் குற்றமில்லை. ஆனால் மணல் உள்ளே போனால் அரைக்கும். கடலோரத்தில் ஓடும் சாதாரணக் குடும்ப வண்டிக்கு ரப்பரே போதும் என்பது என் எண்ணம்.

சத்தம் வருகிறதே என்று சக்கரத்துக்குப் போடும் சாதா கிரீஸையோ எஞ்சின் ஆயிலையோ ரப்பரில் பூசாதீர்கள். ஒரு வாரம் அமைதியாக இருக்கும். அப்புறம் ரப்பர் ஊதி, வழவழத்து, கையோடு வரும்.

அறிகுறி: ஒரு பக்கம் சாய்ந்து நிற்கிறது

காலி வண்டி, சமதரை, இரு பக்கமும் டேப். பத்து மில்லிமீட்டருக்குள் வித்தியாசம் என்றால் விட்டுவிடுங்கள். அதற்கு மேல் என்றால் ஸ்பிரிங்கின் மேல், கீழ் ரப்பர் தட்டுகள் இரு பக்கமும் இருக்கின்றனவா, ஒரு பக்கம் மட்டும் தொங்கவிட்டு முடுக்கியிருக்கிறார்களா என்று பாருங்கள். ஸ்பிரிங் உடைந்திருந்தாலும் இப்படி நிற்கும். கருவாடும் ஐஸ் பெட்டியும் ஏற்றுகிற வண்டிகளில், உப்புத் தண்ணீர் வடிந்து ஸ்பிரிங்கின் கடைசிச் சுற்று அரித்து, தட்டுக்குள்ளேயே ஒடிந்து கிடக்கும். வெளியே தெரியாது. கழற்றித் துடைத்தால்தான் தெரியும்.

அறிகுறி: வண்டி பின்னால் தனியாகத் திரும்புகிற மாதிரி இருக்கிறது

ஆனி, ஆடி மாதம் கச்சான் காற்று (மேற்கிலிருந்து வீசுவது) அடிக்கும்போது பாலத்தின் மேல் எல்லா வண்டியையும்தான் காற்று தள்ளும். அதை வைத்து முடிவு செய்ய வேண்டாம். காற்றில்லாத காலை நேரத்தில், நேரான சாலையில் ஓட்டிப் பாருங்கள்.

முதலில் டயர்: காற்றும், இடது வலது தேய்மானமும். அடுத்து ஆறு போல்ட்டும். பிறகு வீட்டிலேயே அளந்து பார்க்க ஒரு வழி. கொத்தனாரிடம் தூக்குக்குண்டு வாங்கிக்கொள்ளுங்கள். ஸ்டீயரிங்கை நேராக வைத்து, நான்கு சக்கரத்தின் மையத்திலிருந்தும் குண்டைத் தொங்கவிட்டுத் தரையில் சாக்பீஸால் குறியுங்கள். இடது பக்கம் முன்னிருந்து பின் எவ்வளவு, வலது பக்கம் எவ்வளவு? பத்து மில்லிமீட்டருக்கு மேல் வேறுபட்டால் ஆக்சல் கோணலாக நிற்கிறது. ஆர்ம்கள் இடம் மாறி மாட்டப்பட்டிருக்கலாம், சம்மட்டி அடியில் ஆர்ம் வளைந்திருக்கலாம், புஷ் ஒரு பக்கமாக ஒதுங்கி இறங்கியிருக்கலாம். மூன்றுமே கழற்றினால் கண்ணுக்குத் தெரியும்.

ஸ்விஃப்ட், பழைய சான்ட்ரோ போன்று முறுக்கு ஆக்சல் (தானே முறுக்கிக் கொடுக்கும் குறுக்குக் கம்பி) வைத்த வண்டிக்காரர்களுக்கு இங்கே ஒரு வரி. அந்தப் பெரிய புஷ்ஷின் ரப்பரில் பள்ளம் விட்டிருக்கும், அதற்குத் திசை உண்டு. குறியைப் பார்க்காமல் அழுத்தினால் வளைவில் பின்பக்கம் அலையும். திரும்ப எடுத்து, புதிதாக வாங்கி, திசை பார்த்துப் போடுவதைத் தவிர வழியில்லை.

அளவு சரியாக இருந்தும் அலைந்தால் வீல் அலைன்மென்ட் கடைக்குப் போய் நான்கு சக்கரத்தையும் அளக்கச் சொல்லுங்கள். பின்சக்கரத்தின் எண் தப்பாக வந்தால் திருப்பிச் சரிசெய்ய இந்த வண்டியில் திருகு எதுவும் இல்லை. ஆக்சல் வளைந்திருக்கிறது என்று பொருள். உங்கள் வேலை அங்கே முடிந்தது, வண்டியை ஆளிடம் விட்டுவிடுங்கள்.

அறிகுறி: பின்சக்கரம் சூடாகிறது, அல்லது பிரேக் அமுங்குகிறது

இது பொறுக்கக் கூடாதது. சூடு என்றால் ஹேண்ட்பிரேக் கேபிள் ஆர்முக்கு மேலே போக வேண்டியது கீழே போய் இழுபட்டிருக்கும். சக்கரத்தைத் தூக்கிக் கையால் சுற்றினால் தெரியும். பெடல் அமுங்குகிறது என்றால் பிரேக் குழாயைக் கழற்றியிருக்கிறார்கள், ஏர் நிற்கிறது. ஆக்சல் தொங்கியதில் ரப்பர் ஹோஸ் இழுபட்டு வெடித்திருந்தாலும் இப்படித்தான். ஈரம் கண்டால் ஓட்டாமல் மெக்கானிக்கை வீட்டுக்கே கூப்பிடுங்கள்.

அறிகுறி: மூன்று நாலு மாதத்தில் புஷ் மறுபடி போய்விடுகிறது

தொங்கவிட்டு முடுக்கியதுதான் முதல் சந்தேகம். அது இல்லை என்றால் வாட்டர் வாஷை விசாரியுங்கள். உப்புக்குப் பயந்து, கழுவியதும் அடியில் டீசலும் பழைய எஞ்சின் ஆயிலும் கலந்து பீய்ச்சுவது நம் ஊர்களில் வழக்கம். இரும்புக்கு நல்லதுதான், ரப்பருக்கு விஷம். அடிக்கத்தான் வேண்டுமென்றால் புஷ்ஷுக்கு பாலித்தீன் சுற்றிவிட்டு அடிக்கச் சொல்லுங்கள்.

தண்ணீரும் முக்கியம். போர் தண்ணீர் உவர்ப்பாக இருக்கும் ஊர்களில் அதிலேயே அடிப்பாகத்தைக் கழுவினால், உப்பை உப்பால் கழுவுகிற கதைதான். 2017இல் அரிச்சல்முனை வரை தார்ச்சாலை திறந்த பிறகு சின்னக் கார்களெல்லாம் தனுஷ்கோடி போய்வருகின்றன. திரும்பி வந்த அன்றைக்கே இரண்டு குடம் நல்ல தண்ணீர் அடியில் ஊற்றினாலும் புண்ணியம்.

அறிகுறி: போல்ட்டே வரமாட்டேன் என்கிறது

வாலிநோக்கம் உப்பளப் பக்கத்து வண்டி ஒன்றில், போல்ட்டும் நடுக்குழாயும் துருப்பிடித்து ஒரே இரும்பாகிவிட்டிருந்தன. ஸ்பானர் போட்டால் போல்ட் திரும்பும், கூடவே புஷ்ஷும் திரும்பும், வெளியே மட்டும் வராது.

துரு இளக்கும் எண்ணெயை அடித்து ஓர் இரவு விடுங்கள். இறுக்கும் பக்கம் கொஞ்சம், கழற்றும் பக்கம் கொஞ்சம் என்று ஆட்டுங்கள். நட்டு வந்தும் போல்ட் வரவில்லையென்றால், பிராக்கெட் காதுக்கும் புஷ்ஷுக்கும் இடையே ரம்பப் பிளேடை விட்டு இரு பக்கமும் அறுத்து, ஆர்மை வெளியே எடுத்து, லேத் பட்டறைப் பிரஸ்ஸில் கொடுத்துவிடுங்கள். புதிய போல்ட்டுக்குக் கழுத்தில் மட்டும் மெல்லிசாகத் துரு தடுக்கும் பசை தடவி மாட்டினால் அடுத்த தடவை இந்தப் பாடு இருக்காது.

ஆர்ம் வெளியே இருக்கும்போதே பாடியில் இருக்கும் பிராக்கெட்டைக் கம்பித் தூரிகையால் தேய்த்து, ஸ்க்ரூ டிரைவர் முனையால் குத்திப் பாருங்கள். டங் என்று கேட்டால் பெயிண்ட் அடித்து மாட்டுங்கள். பொத்தென்று அமுங்கினால், அல்லது முனை உள்ளே போனால், புஷ்ஷை மறந்துவிடுங்கள். வண்டியை ஓட்டவும் வேண்டாம். இந்த இடம் விட்டுப்போனால் ஓடுகிற ஓட்டத்தில் ஆக்சல் ஒரு பக்கம் கழன்றுவிடும். இரும்புத் தகடு வெட்டி, துருப்பிடித்த பாகத்தை முழுதும் நீக்கி, பாடி வேலை தெரிந்த வெல்டர் செய்ய வேண்டிய வேலை அது. துருவின் மேலேயே தகட்டை ஒட்டுகிறவரிடம் கொடுத்தால் ஒரு மழைக்காலம்கூடத் தாங்காது. விலை கேட்டுவிட்டு, வண்டியின் விலையையும் மனதில் வைத்து, அப்புறம் முடிவு செய்யுங்கள்.

ஒன்றை மட்டும் நேரில் நின்று பாருங்கள். பெட்ரோல் டாங்க், பின் ஸீட்டுக்கு அடியில், இந்த பிராக்கெட்டுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. பேட்டரி வயரைக் கழற்றி, டாங்க்கை இறக்கி வெளியே தூரமாக வைத்த பிறகுதான் கேஸோ வெல்டிங்கோ அங்கே நெருங்க வேண்டும். "ஈரச் சாக்கு போட்டுக்கலாண்ணே, அஞ்சு நிமிச வேல" என்று சொல்கிற ஆள் என்றால் சாவியை வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள்.